தோல் ஆஸ்பத்திரி பெஞ்சு

இல்ல வே, காலி இடந்தான், உக்காரும். அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இங்கன வாரும். ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் கொஞ்சம் வரும், அதுவும் அது நெனச்சா. டோக்கன் வாங்கிட்டீரா? அப்பம் சரி, நேரம் கெடக்கு. டாக்டர் இப்பந்தான் காப்பி குடிக்கப் போனாரு. காப்பி குடிச்சா பேப்பர் படிப்பாரு. பேப்பர்ல ஏதாவது ஒரு சேதிக்குக் கோவம் வரும். அந்தக் கோவத்தோட வந்து மொத நோயாளிய ஏசுவாரு. ரெண்டாவது ஆளுல இருந்து தங்கமான மனுசன். நீரு மொத ஆளு இல்லேல்லா? அப்பம் பயமில்ல.

எந்த ஊரு உமக்கு? திசையன்விளையா? அம்புட்டு தூரத்துல இருந்தா வாரீரு? ஏன், அங்கன தோல் டாக்டர் கெடையாதா? இருக்காருல்லா. ஆமா ஆமா, புரியுது. சொந்த ஊர்ல தோல் டாக்டர்ட்ட போனா பாக்கவன் என்ன நெனப்பான். வயித்து வலிக்குப் போலாம், பல்லுக்குப் போலாம், இப்பம்லாம் மூலத்துக்குக் கூட பெருமையாத்தான் போறான். தோலுக்கு மட்டும் அடுத்த ஊருக்குப் போவணும். பாளையங்கோட்டக்காரன் நாகர்கோவிலுக்குப் போவான். நாகர்கோவில்காரன் இங்கன வருவான். நடுவுல வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் எதுத்தாப்புல பாத்துக்கிடுவான். எங்க இம்புட்டு தூரம்னு இவன் கேப்பான். ஒரு கல்யாணத்துக்குன்னு அவன் சொல்லுவான். நானும் ஒரு கல்யாணத்துக்குத்தாம்னு இவன் சொல்லுவான். ரெண்டு பேரும் சித்திரை வெயில்ல முழுக்கை சட்டை போட்டுருப்பான்.

உமக்கு என்ன கோளாறு? அரிப்பா? எங்க? உடம்பெல்லாமா. ம்ம். வீட்டுல வேற யாருக்கும் இருக்கான்னு கேப்பாரு டாக்டர். இப்பமே பதில யோசிச்சு வச்சுக்கிடும்.

எனக்கு நகம். இன்னா பாரும், கால் பெருவிரலு. மஞ்சளா, மொறமொறன்னு, நமுத்து ஒணந்த அப்பளம் மாதிரி இருக்கா? நகச்சொத்தை. வருசக்கணக்கா இருக்கு. டாக்டர் மாத்திரை எழுதுவாரு. நான் வாங்குவேன், முழுங்க மாட்டேன். ஏன்னு கேளும். சரியாப் போச்சுன்னா பொறவு இந்த பெஞ்சுல உக்கார எனக்கு என்ன நியாயம் இருக்கு? சிரிக்கீரு. பொறவு சொல்லுதேன்.

பைய சுத்திப் பாரும். அப்படித் திரும்பாதீரும், பைய. அந்தத் தூணு பக்கத்துல சேலையால கழுத்த மூடிக்கிட்டு ஒரு அம்மா இருக்காவல்லா? அவுகட்ட கேட்டா மகனுக்காக வந்தேம்பாவ. மகன்ட்ட கேட்டா அம்மைக்குத் துணைக்கு வந்தேம்பான். இந்த ஹால்ல நோயாளின்னு ஒருத்தர் கெடையாது வே. அம்புட்டு பேரும் துணைக்கு வந்தவுக. யாருக்குத் துணைங்கதுதான் டாக்டருக்கே வெளங்கல.

மேலயா? மேல மருமக டாக்டர் பாக்காவ, ரீபான்னு பேரு. கீழ மாமனாரு சத்தியநேசன். கீழ மரபெஞ்சு, மேல சோபா. கீழ இந்த ஃபேனு, மேல ஏசி, மீன் தொட்டி, குடிக்கப் பச்சை டீ. கீழ வாரது யாரு? வயக்காட்டுச் சேத்துல நின்னவன், செங்கச் சூளையில வெந்தவன், பீடி சுத்துத பொம்பளைய. படை, சொறி, தேமல். முன்னாடி ஆத்துல குளிச்சா சொறி போகும்பாவ, இப்பம் ஆத்துல குளிச்சுத்தான் சொறி வருதுன்னு டாக்டர் ஏசிக்கிட்டே இருப்பாரு. ஆத்த ஏசுதாரா ஆள ஏசுதாரான்னு தெரியாது. மேலயும் அதே தோலுதான், பேருதான் வேற. கன்னத்துல ஒரு கரும்புள்ளிய கீழ காட்டினா, வெயில்ல அலையாத, இந்தக் களிம்பத் தேய், போன்னுருவாரு. அதையே மேல காட்டினா அது பேக்கேஜ். கீழ இருக்க வரைக்கும் அவன் நோயாளி, மேல ஏறிட்டான்னா கிளையண்டு. நடுவுல இருக்கது இந்தப் படிக்கட்டு ஒண்ணுதான்.

மாமனாருக்கும் மருமகளுக்கும் அதுல சண்டை உண்டு. கறுப்பு என்னம்மா வியாதியா, அதுக்குப் போயி வைத்தியம் பாக்கியேன்னு அவரு கேப்பாரு. இல்ல மாமா, ஆனா கீழ நீங்க ஓசிக்குப் பாக்க ஆளுகளுக்கு ஃபேன் சுத்துத கரண்டு மேல இருந்துதான் வருதும்பா அவ. அவரு சொன்னதும் நெசம், அவ சொன்னதும் நெசம்.

போன மாசம் ஒரு கூத்து. சாத்தான்குளத்துல இருந்து ஒரு அம்மா மகளக் கூட்டிட்டு வந்தாவ. பிள்ள நல்ல கண்ணும் மூக்கும், கொஞ்சம் நெறம் மட்டு. மாப்பிள்ள வீட்டு மூத்த மருமக போட்டோவ ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்திருக்காவ. பிளவுஸ் மேச்சிங் கடைக்குத் துண்டுத் துணி கொண்டு போவம்லா, அது மாதிரி. டாக்டர், எங்களுக்கு இந்தக் கலர் வேணும், ஆவணிக்குள்ள வேணும்னு சொல்லுதாவ. அந்தப் பிள்ள மூஞ்சிய மீன் தொட்டிப் பக்கம் திருப்பிக்கிடுச்சாம். மருமக டாக்டரு அந்தப் போட்டோவ உத்துப் பாத்துட்டு, இந்தப் பொண்ணும் என் பேஷண்டுதாம்மா, இது இவ கலரு இல்ல, போட்டோ எடுத்த செல்லு போட்ட கலருன்னாவளாம்.

இன்னும் சில பேரு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டான். நேரா மருந்துக் கடைக்குப் போயி வெள்ளையாகுத டியூப் ஒண்ணு குடுங்கம்பான். போட்டுப் போட்டு ஒரு மாசம் மூஞ்சி மினுங்கும். கல்யாண வீடியோவெல்லாம் நல்லா விழுந்துரும். பொறவு தோலு வெங்காயச் சருகாட்டம் ஆயி, செவந்து, தொட்டா எரியும். அந்தானைக்கு இங்கன ஓடி வருவாவ. வந்து, இது மாப்பிள்ள வீட்டுத் தண்ணி சேரலன்னு சொல்லுவாவ.

சரி. நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீரும். நீரு வந்து உக்காந்ததுல இருந்து பாக்கேன். உடம்பெல்லாம் அரிப்புன்னு சொன்னீரு. ஒரு தடவ கூட சொறியலியே வே.

அட, பதறாதீரும். உக்காரும். நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. செல்ல எடுத்துப் பாக்கீரு, படிக்கட்டப் பாக்கீரு. திரும்பவும் செல்லு, திரும்பவும் படிக்கட்டு. வைத்தியத்துக்கு வந்தவன் டாக்டர் கதவப் பாப்பான். நீரு இறங்குத ஆளப் பாக்கீரு. நீரும் என் தொழில்தான். கைய குடும்.

ஊருக்கு நான் ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ் கிளார்க்கு. ஆனா பொண்ணு எடுக்கவன், குடுக்கவன், நாலு பேரு என்கிட்ட சொல்லி வைப்பான், அந்த வீட்டுல தோலுக் கோளாறு ஏதும் உண்டான்னு பாத்துச் சொல்லுங்கன்னு. வந்து உக்காருவேன். யாரு வாரா, கீழ போறாளா மேல போறாளா, மருந்துச் சீட்டோட வெளிய வாராளா. அம்புட்டுதான் வேலை. அதுக்குத்தான் இந்த நகம். சாதகம் பாத்துச் சொல்லுதவன் பொய் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு வே. கண்ணால பாத்தத மட்டுந்தான் சொல்லுவேன். ஒருத்தன் சொல்லிக் காதால கேட்டத, நானா யூகிச்சத, ஒரு வார்த்த சேக்க மாட்டேன். உமக்கும் அதேதானா? அப்படிச் சொல்லும்! இந்தத் தொழில்ல அது இல்லேன்னா மருவாதி கெடையாது.

எங்க, அந்தப் போட்டோவக் காட்டும். கண்ணாடிய மாட்டிக்கிடுதேன். ம். நல்ல லெச்சணமாத்தான் இருக்கு பிள்ள. பேரு சொல்லலியா உம்மகிட்ட? போட்டோ மட்டும் அனுப்பினாரா, அதுவும் சரிதான். பேரு தெரிஞ்சா நாக்கு சும்மா இருக்காது. யாரு, பாத்திரக்கடை முதலாளியா? அவரு மகனுக்கா? நிச்சயம் என்னைக்கு? வார ஞாயித்துக்கெழமையா. அப்பம் இன்னைக்கு விட்டா நாளில்ல உமக்கு. இந்தப் பிள்ள ஒவ்வொரு புதனும் இங்கன வருதுன்னு யாரோ சொல்லியிருக்கான், நீரு உம்ம கண்ணால பாத்துட்டா நிச்சயம் நின்னு போகும். பாக்கலன்னா நடக்கும். அம்புட்டுதான? உம்ம கண்ணு ரெண்டுல ஒரு பிள்ள கல்யாணம் தொங்குது. சும்மா சொல்லுதேன், தொழில்ல அதெல்லாம் பாக்க முடியாது.

ஒரு நிமிசம், வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கிடுதேன். கருவேப்பில வாங்கிட்டு வரணுமான்னு. கேக்காமப் போனா ஏச்சு விழும். எழுத்து பொடிசா இருக்கு, சவம். ம், போயிட்டு.

என்ன கேட்டீரு? இல்ல, இந்தப் பிள்ளைய நான் இந்த ஹால்ல பாத்துப் பேசினதில்ல. மேல போயிருந்தா இந்தப் படி வழியாத்தான் இறங்கணும். வேற வழி எங்க இருக்கு? எதுக்கு நீரு எந்திரிச்சு அலையுதீரு. உக்காந்து படியப் பாரும், நானும் பாக்கேன். நாலு கண்ணாச்சு.

இந்தத் தொழில்ல கொஞ்சம் சூதானம் வேணும். கிருபைராஜ் வாத்தியார்னு ஒருத்தர் இங்கன பாளையங்கோட்டையில. அவரு மகளும் வாத்திச்சிதான். அந்தப் பிள்ளைக்குப் பேசுத எடத்துல என்னைய விசாரிக்கச் சொன்னாவ. நான் வந்து உக்காந்தேன். பிள்ள வந்துச்சு, முகத்துல துப்பட்டாவச் சுத்திக்கிட்டு, கீழ டாக்டர்ட்ட போச்சு, களிம்பு வாங்கிட்டு வெளிய வந்துச்சு. பாத்தேன், பாத்ததச் சொன்னேன். சம்பந்தம் முறிஞ்சு போச்சு. களிம்பு அவுக அப்பா காலு வெடிப்புக்காம். துப்பட்டா ஸ்கூட்டர்ல வந்ததுக்காம். நான் அதையெல்லாம் பாக்கலியே? பாக்காதத நான் எப்படிச் சொல்ல முடியும்.

டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சு. உள்ள கூப்பிட்டாரு. என் காலப் பாக்கவே இல்ல, மூஞ்சியப் பாத்தாரு. ஓய், உம்ம நகத்துல இருக்க சொத்தை பரவாயில்ல, மருந்துக்குக் கேக்கும்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வரக்கூடாதுன்னு சொல்லல. நோயாளிய விரட்ட மாட்டாரு, அது அவரு கொள்கை. ஆனா அந்த மாசமே கொத்தனாரு வந்தான். கட்டடத்துக்குப் பின்னால ஏதோ வேலை. ஹாலெல்லாம் சிமெண்டுத் தூசி. தோல் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் பூரா தும்மிக்கிட்டுக் கெடந்தான். என்னத்தக் கட்டுனாரோ.

அந்தத் தொப்பிக்காரப் பையனப் பாத்தீரா, இப்பம் ஏறிப் போனானே? முடிக்கு வாரான். ஆம்பளைய கூட்டமும் மேல நெறைய வருது வே. பொண்ணுன்னா நெறம், மாப்பிள்ளன்னா மண்டை. மண்டையில ஊசி போட்டு நாத்து நடுத மாதிரி நடுதாவ. தொப்பியோட வருவான், தொப்பியோட போவான். பைக்க அடுத்த தெரு முடுக்குல விட்டுட்டு நடந்து வருவான். பொண்ணு வீட்டுக்காரன் எவனாவது இதுக்கு ஆள் வைக்கான்னு பாரும், வைக்க மாட்டான். எனக்கு இத்தன வருசத்துல மாப்பிள்ள மண்டையப் பாத்துச் சொல்லுங்கன்னு ஒருத்தன் வந்ததில்ல. ஆனா நான் உக்காந்திருக்கேன்லா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

என்னது? அந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறா இருக்கும்னா? உம்ம முதலாளி என்ன சந்தேகப்படுதாரு? வெள்ளையா. ம். தோலுல வெள்ளை விழுந்துட்டுன்னா எல்லாத்துக்கும் ஒரே நடுக்கம். நான் டாக்டர்ட்ட கேட்டுருக்கேன். தொட்டா ஒட்டாதுன்னாரு. வலி கெடையாது, அரிப்பு கெடையாது, ஆளுக்கு ஒரு கெடுதலும் இல்ல, அந்த எடத்துல தோலு கலரு போடுத வேலைய நிறுத்திருச்சு, அவ்வளவுதான்னாரு. வாரத்துக்கு ஒரு தரமோ ரெண்டு தரமோ மேல லைட்டு வைக்காவ. பெட்டி மாதிரி ஒரு மெசினு, அதுக்குள்ள கையக் காட்டணும். கொஞ்சங் கொஞ்சமாக் கலரு திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. திரும்பலன்னா என்ன டாக்டர்னேன். திரும்பலன்னா அந்தக் கையாலயே சோறு பொங்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலாம், உம்ம கன்னத்துல ரெண்டு வைக்கலாம், ஒரு கொறையும் இல்லன்னாரு. கோவக்காரரு.

இரும், செல்லு அடிக்கி.

ஹலோ. ஆமா. ஏறிட்டியா? சீட்டு கெடச்சா? சன்னல் ஓரமா? சரி. சரிம்மா. கருவேப்பிலையா, நான் வாங்கிட்டு வாரேன். நான் அடுத்த பஸ்ல வாரேன். வச்சிரு.

வீட்டுல இருந்துதான். எம் மக.

படியப் பாத்தது போதும் வே, கழுத்து சுளுக்கிரும். அந்தப் பிள்ள போயிருச்சு.

கத்தாதீரும், ஆஸ்பத்திரி. எந்திரிச்சும் பிரயோசனமில்ல. அந்தக் கொத்தனாரு கட்டினது பின்னால ஒரு படிக்கட்டு. மேல லைட்டு ரூமுல இருந்து இறங்கினா மருந்து குடோன் வழியா அடுத்த தெருவுக்குப் போயிரலாம். வாத்தியார் மக சம்பந்தம் முறிஞ்ச பொறவு டாக்டர் கட்டினாரு. ஆஸ்பத்திரியில வேலை பாக்க பிள்ளையெல்லாம் அதுக்கு என் பேரத்தான் வச்சிருக்காவ. நமச்சிவாயம் படின்னு சொல்லுவாவ, நான் இல்லாதப்ப. நான்தான் நமச்சிவாயம். நீரு செல்லுல வச்சிருக்கீரே, அது எம் மக வேணி. நான் கருவேப்பிலைக்கு மெசேஜ் போட்டேம்லா, பின்படியில இறங்குன்னு அவளுக்குத்தான் போட்டேன்.

இடது கை, முழங்கைக்குக் கீழ. ஒரு புளியங்கொட்ட அளவு. நீரு கேக்கும் முன்னால நானே சொல்லுதேன். ஒவ்வொரு புதனும் பள்ளிக்கூட வேலை முடிச்சு அவ ஒரு பஸ்ல வருவா, நான் ஒரு பஸ்ல வருவேன். அவ அந்தச் சன்னல் பக்கம் உக்காருவா, நான் இந்த பெஞ்சுல. யாரு எவருன்னு தெரியாத மாதிரி. இந்த ஹால்ல எம் மகளப் பாத்து நான் சிரிச்சது கெடையாது வே. ஒரு நாளு அவளுக்கு விக்கல் வந்து தண்ணி தேடுதா, பாட்டில் என் பையில இருக்கு. எடுத்துக் குடுக்கல. தூணு பக்கத்து அம்மாதான் குடுத்தாவ.

மாப்பிள்ளையவா ஏமாத்துதேன்? யாரு சொன்னா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ரெண்டு பேரையும் தனியாப் பேச விட்டோம். இவ சட்டக் கையத் தூக்கிக் காட்டிட்டா, மூடி வைக்கப் பிடிக்காது அவளுக்கு, நான் சொல்லித்தான் ஊருக்கு மூடுதா. அந்தப் பையனும் தலையக் குனிஞ்சு காட்டிட்டானாம். அவங்களுக்குள்ள சிரிச்சு முடிஞ்சு போச்சு. உம்ம முதலாளி மகன் குருபிரசாத் இப்பம் மேலதான் இருக்கான். தொப்பி. தேவைன்னா இறங்கும்போது வணக்கம் சொல்லும். பயந்தாங்கொள்ளி, அவனும் பின்படியில ஓடினாலும் ஓடுவான். உம்ம முதலாளிக்குத் தெரியாது. அவருக்கு மகன் மண்டையும் தெரியாது, மருமக கையும் தெரியாது. தெரியாம இருக்க வரைக்கும் நல்ல மனுசன்.

பொறவு ஏன் உம்மகிட்ட எல்லாத்தையும் சொல்லுதேன்னா? இல்லேன்னா நீரு போன்ல ஒரு வாரம் தவணை கேப்பீரு, அடுத்த புதனும் வருவீரு. உமக்கும் பஸ் அலைச்சல்.

இப்பம் போயி என்ன சொல்லப் போறீரு? யோசியும். நீரு என்னத்தப் பாத்தீரு? ஒரு கெழவன் நகத்தப் பாத்தீரு. படியப் பாத்தீரு. போட்டோவுல இருக்க பிள்ள இறங்கி வரல. மத்ததெல்லாம் நான் சொல்லிக் காதால கேட்டது, அது சேத்தி இல்ல, உம்ம கொள்கையும் அதான்னு நீரே சொன்னீரு. ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். பாத்தத மட்டும் சொல்லும். நானும் மேல ஏறின தொப்பியப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்.

இன்னா, டாக்டர் வந்துட்டாரு. உம்ம நம்பரத்தான் கூப்பிடுதாவ. மொத ஆளு வரலியாம், இப்பம் நீருதான் மொத ஆளு. மூஞ்சியப் பாத்தா இன்னைக்குப் பேப்பர்ல ஏதோ பெருசா வந்திருக்கு. போம், போம், எந்திரியும்.

ஓய், நில்லும். உள்ள நுழையும் முன்னால ரெண்டு தரம் சொறிஞ்சுக்கிடும் வே.